ரத்தத்தில் கலக்காமலே உயிரைப் பறிக்கும் கிருமி: காலரா புதிரை அவிழ்த்த சம்புநாத் டே

காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் உயிரோடு இல்லை. நம்ம ஊர்களில் 'வாந்திபேதி' என்ற சொல்லைக் கேட்டாலே தாத்தா பாட்டி தலைமுறை நடுங்கியதற்குக் காரணம் இதுதான். காலரா முற்றிய ஒருவரின் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட தண்ணீர் வெளியேறும். வெளியே போவது மலம் மாதிரியே இருக்காது. அரிசி கழுவிய கழுநீர் மாதிரி இருக்கும்.

இதில் விநோதம் என்னவென்றால், இத்தனையும் செய்யும் விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா குடலைத் துளைப்பதில்லை, ரத்தத்துக்குள் போவதில்லை. குடல் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான். அப்படியானால் ஆளை எப்படிக் கொல்கிறது?

இந்தக் கேள்விக்குச் சரியான விடையைச் சோதனை செய்து காட்டியவர் ஓர் இந்தியர். கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த சம்புநாத் டே. அவர் கையில் இருந்தது முயல், நூல், ஒரு சிரிஞ்ச், ஒரு வடிகட்டி. அவற்றோடு, மற்றவர்கள் கேட்கத் தவறிய ஒரு கேள்வி.

ஹூக்ளி கிராமத்துப் பையன்

சம்புநாத் டே 1915 பிப்ரவரி 1-ஆம் தேதி, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. உறவினர் ஆதரவும் உதவித்தொகையும் சேர்ந்துதான் அவரைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து ஹூக்ளி மொஹ்சின் கல்லூரிக்கும், அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோனது. 1939-ல் மருத்துவப் பட்டம். 1942-ல் வெப்பமண்டல நோய்கள் பற்றிய டிப்ளமோ.

க்ளினிக் போட்டுச் சம்பாதிக்கும் வழி திறந்தே இருந்தது. அவர் மனம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. 1947-ல் லண்டன் போனார். யூனிவர்சிட்டி காலேஜ் ஹாஸ்பிடல் மருத்துவக் கல்லூரியில், ராய் கேமரன் என்ற புகழ்பெற்ற நோய்க்குறியியல் நிபுணரிடம் சேர்ந்தார். நுரையீரலில் நீர் கோர்ப்பது எப்படி என்பதை ஆராய்ந்து 1949-ல் பிஎச்.டி. முடித்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உடம்புக்குள் இருக்கவேண்டிய தண்ணீர், இருக்கக்கூடாத இடத்துக்கு எப்படிப் போகிறது? லண்டனில் அவர் பழகிய கேள்வி அது. ஊர் திரும்பி நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, வார்டு முழுக்க அதே கேள்வி வேறு வடிவத்தில் படுத்திருந்தது. கங்கை டெல்டாதான் காலராவின் தாய்வீடு. கல்கத்தாவுக்கு அந்த நோய் வருடா வருடம் வரும் விருந்தாளி.

ராபர்ட் கோக் விட்டுப்போன மிச்சம்

டேவுக்கு முன்னால் என்ன தெரிந்திருந்தது? 1854-ல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், காலரா தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று காட்டினார். அதே வருடம் இத்தாலியில் ஃபிலிப்போ பாசினி இந்தக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார், ஆனால் யாரும் காது கொடுக்கவில்லை. ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1883 கடைசியில் கல்கத்தாவுக்கே வந்து, கமா குறி போல வளைந்த இந்தப் பாக்டீரியாதான் குற்றவாளி என்று 1884-ல் அறிவித்தார். கிருமி ஏதோ ஒரு விஷத்தைச் சுரக்கிறது என்றும் அவர் ஊகித்தார்.

ஊகம் சரி. நிரூபணம் இல்லை.

கிருமி சுரக்கும் விஷத்தைப் பிடிக்க வழி இல்லாமலும் இல்லை. 1888-லேயே பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் தொண்டை அடைப்பான் கிருமியை ஒரு திரவத்தில் வளர்த்து, கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, மீதித் திரவத்தை மட்டும் விலங்குகளுக்கு ஊசி போட்டார்கள். விலங்குகள் செத்தன. கிருமி இல்லாமலே நோய் வந்தது. அதாவது கிருமி வெளியே விட்ட ஒரு பொருளே விஷம்.

இதே வேலையைக் காலராவில் செய்தபோது யாருக்கும் சரியாக வரவில்லை. 1892-ல் கோக்கின் மாணவர் ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா கிருமியின் விஷம் அதன் உடம்பிலேயே கட்டுண்டு இருக்கிறது, கிருமி செத்து உடைந்தால்தான் வெளியே வரும் என்றார். அந்தக் கருத்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. அறுபது வருடத்துக்கும் மேலாகப் பலரும் அந்த உடைந்த கிருமியின் விஷத்தையே துரத்தினார்கள்.

தப்பு எங்கே நடந்தது? ஊசி போட்ட இடத்தில். காலரா கிருமியை விலங்குகளின் ரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் நோய்ப்பட்டன, செத்தன. ஆனால் அது காலரா இல்லை, கழுநீர்ப் பேதி வரவே இல்லை. சரி என்று வாய் வழியாகக் கொடுத்தால், வளர்ந்த முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடல் அசைந்து கிருமியைக் கீழே தள்ளிவிட்டது.

முயலும் நூலும்

டே யோசித்தது ரொம்ப எளிமையாக. மனிதனுக்குக் காலரா எங்கே நடக்கிறது? சிறுகுடலின் உட்புறத்தில். அப்படியானால் கிருமியை அங்கேயே விடவேண்டும், தள்ளிக்கொண்டு போகாமல் தங்கவும் வைக்கவேண்டும்.

மயக்கம் கொடுத்த முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சாண் அளவுகூட இல்லாத ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். அந்தத் துண்டுக்குள் காலரா கிருமி வளர்ந்த திரவத்தைச் சிரிஞ்சால் செலுத்தினார். பக்கத்தில் இன்னொரு துண்டு, அதில் கிருமி இல்லாத திரவம். வயிற்றைத் தைத்து மூடி, மறுநாள் திறந்து பார்த்தார்.

கிருமி போட்ட துண்டு பலூன் மாதிரி உப்பியிருந்தது. உள்ளே கழுநீர் போன்ற திரவம். கிருமி போடாத துண்டு சும்மா கிடந்தது.

டி.என்.சாட்டர்ஜி என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1953-ல் இதை வெளியிட்டார். 'முயல் குடல் முடிச்சுச் சோதனை' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெரிய மெஷின் தேவையில்லை. பேதி உண்டாக்கும் எந்தக் கிருமியையும் இதில் போட்டுப் பார்க்கலாம். 1956-ல் அவரே ஈ.கோலை பாக்டீரியாவைப் போட்டுப் பார்த்தார். நம் எல்லோர் குடலிலும் சாதுவாக வாழும் இனம் அது. ஆனால் பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த சில ஈ.கோலை ரகங்களும் அதே மாதிரி குடலை உப்ப வைத்தன. வெளியூர் போய் வரும்போது வயிற்றைப் புரட்டி எடுக்கிறதே, அந்தப் பேதியின் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த வகை ஈ.கோலைதான் என்று பிற்பாடு உலகம் புரிந்துகொண்டதற்கு இது முதல் படி.

கிருமி இல்லாத திரவம்

இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. குடலை உப்ப வைத்தது கிருமியா, கிருமி சுரந்த பொருளா?

டே காலரா கிருமியைத் திரவத்தில் வளர்த்தார். வடிகட்டியில் கிருமிகளை முழுதாக அகற்றினார். ஒரு கிருமிகூட இல்லாத அந்தத் தெளிந்த திரவத்தை முயல் குடல் துண்டுக்குள் விட்டார். குடல் உப்பியது.

கிருமி உடைய வேண்டியதில்லை, சாக வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும்போதே அது ஒரு நச்சை வெளியே அனுப்புகிறது, அந்த நச்சு தனியாகவே காலராவைக் கொண்டுவருகிறது. 1959 மே மாதம் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும் கட்டுரை. எழுதியவர் ஒருவர் மட்டுமே: எஸ்.என்.டே, கல்கத்தா. அதே 1959-ல் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே.தத்தா குழுவினரும் முயல் குட்டிகளை வைத்து, காலராவுக்குக் காரணம் ஒரு நச்சு என்ற இடத்துக்கே தனியாக வந்து சேர்ந்தார்கள்.

கோக் கல்கத்தாவில் கிருமியை அடையாளம் காட்டி 75 வருடம் கழித்து, அதே கல்கத்தாவில் மீதிக் கதை முடிந்தது.

இரண்டு சுவர், ஒரு வாசல்

டே காட்டியது நச்சு இருக்கிறது என்பதை. அது என்ன பொருள், எப்படி வெளியே வருகிறது என்பதை மற்றவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். 1969-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டீனும் ஜோசஃப் லோஸ்பலூட்டோவும் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம்.

புரதம் என்றால் சின்ன ஜீவனுக்குப் பெரிய சரக்கு. அதை வெளியே தள்ளுவது லேசான வேலை இல்லை. காலரா பாக்டீரியாவைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சவ்வுகள் உண்டு. இரண்டு காம்பவுண்ட் சுவர் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுவரில் இருப்பது ஊசிக் காது போன்ற ஒரு துளை. நச்சின் பாகங்கள் மடிப்புக் கலைந்த நீள நூலாக அதன் வழியாகக் கடக்கும். இரண்டு சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் அவை மடிந்து, ஒன்றோடொன்று பொருந்தி, முழு நச்சாக அசெம்பிள் ஆகும். ஐந்து இதழ்கள் வட்டமாக நிற்க, நடுவில் ஒரு பாகம் செருகிய பூ மாதிரி வடிவம். இப்போது இரண்டாம் சுவர். மடிந்த பூ ஊசிக் காதில் போகாது. அதற்காகவே பல புரதங்கள் சேர்ந்து கட்டிய ஒரு தனி வாசல் இருக்கிறது. உள்ளிருந்து பிஸ்டன் மாதிரி தள்ள, பூ வெளியே வரும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் 'இரண்டாம் வகைச் சுரப்பு அமைப்பு'.

இன்னொரு ஆச்சரியம். இந்த நச்சைத் தயாரிக்கும் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996-ல் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலானோஸும் காட்டினார்கள். அந்த வைரஸ் வராத விப்ரியோக்கள் ஆற்று முகத்துவாரத்திலும் கடலிலும் பெரும்பாலும் தங்கள்பாட்டுக்குப் பிழைக்கின்றன.

மூட முடியாத குழாய்

வெளியே வந்த பூ என்ன செய்கிறது? ஐந்து இதழ்களும் குடல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடுப் பாகம் கழன்று, செல்லுக்குள் இருக்கும் ஒரு சுவிட்சைத் தேடிப் போகும். சாதாரணமாக ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகும் சுவிட்ச் அது. நச்சு அதை ஆன் நிலையிலேயே ஒட்ட வைத்துவிடும்.

விளைவு, செல்லிலிருந்து குளோரைடு உப்பு குடலுக்குள் கொட்டும். சோடியம் பின்னால் போகும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் ஓடும். ரத்தத்தில் இருக்கவேண்டிய நீர் குடலுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். குழாய் உடையவில்லை, மூடத்தான் முடியவில்லை. சாவுக்குக் காரணம் இந்த வறட்சிதான்.

கிருமிக்கு இதில் என்ன லாபம்? கோடிக்கணக்கான வாரிசுகள் அந்த வெள்ளத்தோடு வெளியேறி, அடுத்த குளத்துக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்கின்றன.

காலராவோடு முடியவில்லை

'வெளியே அனுப்பும் புரதம்தான் ஆயுதம்' என்ற பார்வை இன்று நோய்க்கிருமி ஆய்வின் முதுகெலும்பு. ரணஜன்னி தரும் டெட்டனஸ் கிருமியின் நச்சு நரம்பைப் பிடிக்கிறது. டைஃபாய்டு உண்டாக்கும் சால்மொனெல்லாவும், சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும் சிரிஞ்ச் மாதிரியே ஓர் அமைப்பைக் கட்டி, புரதங்களை நேரடியாக நம் செல்லுக்குள் ஏற்றுகின்றன. வயிற்றுப் புண்ணோடு தொடர்புடைய ஹெலிகோபேக்டர் பைலோரிக்கு வேறு வகை ஊசி. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியில் தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸுக்கும் எதிராக இருப்பது, பல் பிடுங்கிய பாம்பு மாதிரி செயலிழக்கச் செய்த நச்சுப் புரதம்தான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. 1992 கடைசியில் சென்னையில் காலரா போலவே ஒரு பேதி பரவியது. வழக்கமான காலராப் பரிசோதனைக்கு அந்தக் கிருமி அகப்படவில்லை. வேலூர், மதுரை, கல்கத்தா, வங்கதேசம் என்று அது வேகமாகப் பரவியது. ஆராய்ந்தபோது மேல் சட்டையை மாற்றிக்கொண்ட காலரா கிருமி என்று தெரிந்தது. ஓ139 என்று பெயர் வைத்தார்கள். சட்டை மாறினாலும், உள்ளே வைத்திருந்த ஆயுதம் டே கண்ட அதே நச்சு.

பத்து ரூபாய்க் கணக்கு

சரி, நச்சைக் கண்டுபிடித்ததால் சாமானியனுக்கு என்ன கிடைத்தது?

அதுவரை, காலராவில் குடலின் உட்தோல் உரிந்துபோகிறது என்று நினைத்தவர்கள் ஏராளம். தோல் உரிந்த குடல் எதையும் உறிஞ்சாதே, பிறகு குடிக்கக் கொடுத்து என்ன பயன்? டேவின் சோதனையும், 1960 வாக்கில் நோயாளிகளின் குடலிலேயே மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வுகளும் அந்த எண்ணத்தைத் தகர்த்தன. குடல் முழுசாகத்தான் இருக்கிறது. ஒரு சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது.

அப்படியானால் வேறு வாசல் திறந்திருக்குமா? திறந்திருந்தது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து குடலுக்குள் நுழையும் பாதையை நச்சு தொடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்து கொடுத்தால், அவற்றோடு தண்ணீரும் உடம்புக்குள் போகும். 1968-ல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் இதை நோயாளிகளிடம் காட்டினார்கள். 1971-ல் வங்கதேசப் போரின்போது, பனகாவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்தபோது, திலீப் மஹலாநபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் டிரம் டிரம்மாக இந்தக் கரைசலைக் கலக்கிக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அதுதான் ஓ.ஆர்.எஸ். காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்புட்குழியோ, கன்னியாகுமரியோ, எந்த ஊர்க்காரரும் மெடிக்கல் ஷாப்பில் சில்லறை கொடுத்து வாங்கும் பொட்டலம். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் பொடி. அளவு முக்கியம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்கவேண்டும். கூல் டிரிங்க்ஸும் பாக்கெட் ஜூஸும் இதற்கு மாற்று இல்லை.

டேவின் கண்டுபிடிப்பு இன்னொன்றையும் விளக்குகிறது. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். ஆனால் ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்ட நச்சை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் கடும் பேதிக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தண்ணீர். நோயாளி துவண்டுபோனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரி.

வராத விருது

டே பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல், பாக்டீரியவியல் துறைத் தலைவராக இருந்தார். 1973-ல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் போஸ் நிறுவனத்துக்குப் போய் ஆய்வைத் தொடர்ந்தார். கூச்ச சுபாவம், விளம்பரம் தெரியாத மனிதர்.

வெளிநாட்டில் அவர் பெயர் தெரிந்திருந்தது. 1978-ல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் வென்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பர்க், டேவின் பெயரை ஒரு முறைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை.

அது கூட போகட்டும். நோபல் கிடைக்காத பெரியவர்கள் நிறைய பேர். சொந்த நாட்டில் என்ன நடந்தது? இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய தேசிய விருது எதுவும் வரவில்லை. 1985 ஏப்ரல் 15-ஆம் தேதி, 70 வயதில் காலமானார். 1990-ல்தான் பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காகவே ஒரு சிறப்பிதழ் போட்டது. அப்போது வாசிக்க அவர் இல்லை.

வசதி இல்லாத கூடத்தில் நம்மால் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்கும் ஆய்வு மாணவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். டேவிடம் இருந்த முயலும் நூலும் வடிகட்டியும் அந்தக் காலத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் இருந்தவைதான். கிருமியை எங்கே வைத்துப் பார்ப்பது என்று நோயாளியின் படுக்கையிலிருந்து யோசித்தது மட்டும் அவருடையது. அப்படி யோசிக்கிற ஒருவர் நம் பக்கத்துக் கல்லூரியில் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே கவனிக்க நாம் தயாரா என்பதுதான் பாக்கி.